சுகுமார் ராய்க்கு எழுத்தும் படமும் ஒரே கையில் வந்தது எப்படி?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும். ஏழாவது படிக்கும் உங்கள் பையன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்கக் கோமாளிப் படங்களாகப் போட்டுவைக்கிறான், பக்கத்திலேயே நாலு வரி பாட்டும் எழுதுகிறான். சுகுமார் ராய் என்று ஒரு வங்காளி, குழந்தைகளுக்காக எழுதி வேடிக்கைப் படங்களையும் தானே வரைந்தவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் யாரிடம் கற்றார், எப்படி வாழ்ந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "இது சோறு போடுமா, இல்லை இப்பவே தட்டி வைக்கணுமா" என்று, அதுதான் அசல் கேள்வி என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் யார் என்று தெரிந்தால்தான் நான் சொல்வதில் எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குப் பிடிபடும். 1981-ல் சென்னை மண்ணடியில் ஒரு பிளாக் மேக்கிங் கடையில், அதாவது படத்தை அச்சடிப்பதற்காக உலோகத் தகட்டில் பதித்துக் கொடுக்கிற கடையில், எடுபிடிப் பையனாகச் சேர்ந்தேன். கேமரா அறை, ஆசிட் தொட்டி, ஆஃப்செட் வந்தபிறகு பிலிம் ஒட்டுவது, அதற்கப்புறம் கம்ப்யூட்டர் என்று முப்பத்தைந்து வருஷம் படத்தை அச்சுக்குக் கொண்டுபோகிற வேலைதான். நடுநடுவே சிறுவர் இதழ்களுக்குப் படமும் போட்டிருக்கிறேன். இப்போது சனிக்கிழமை தோறும் ராயபுரத்தில் ஒரு நூலகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைகிறேன். சுகுமார் ராயை எனக்குக் காட்டியவர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து பெரம்பூரில் குடியிருந்த ஒரு வங்காளப் பெரியவர். தாதா என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் அண்ணன் என்று அர்த்தம். மகள் கல்யாணப் பத்திரிகைக்காகக் கடைக்கு வந்தவர், பிளாக் செய்கிற இடம் என்று தெரிந்ததும் மறுநாள் அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "இதைப் போட்டவரும் உங்க தொழில்தான்" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே நான் வங்காள எழுத்தைக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதனால் சொல் விளையாட்டின் முழு ருசி எனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டேன். அந்த இடங்களில் தாதா விளக்கியதையும் ஆங்கில மொழிபெயர்ப்புகளையும் நம்பித்தான் பேசுகிறேன். அச்சு, பிளாக், கோடு பற்றிச் சொல்வது மட்டும் சொந்தக் கை அனுபவம்.

சுகுமார் 1887 அக்டோபர் 30-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். அவரைப் புரிந்துகொள்ள அவர் அப்பாவிடமிருந்து தொடங்கணும். உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, 1863-ல் இன்றைய வங்கதேசத்தில் இருக்கிற மைமன்சிங் பக்கம் பிறந்தவர், குழந்தைகளுக்குக் கதை எழுதுவார், படம் வரைவார், வயலின் வாசிப்பார். பிள்ளைகளுக்காக ராமாயணத்தை எழுதிப் படமும் போட்டார். படங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தார்கள், வந்ததைப் பார்த்து மனுஷன் நொந்துபோய்விட்டார். தான் போட்ட படம் இல்லை அது. வேறு யாராக இருந்தாலும் அச்சகத்தைத் திட்டிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போயிருப்பார்கள். இவர் 1895-ல் லண்டன் பென்ரோஸ் கம்பெனியிலிருந்து கேமராவும் கருவிகளும் வரவழைத்து, யாரும் சொல்லித்தராமலேயே, நிழலைப் புள்ளிகளாக உடைத்துக் காட்டுகிற ஹாஃப்டோன் பிளாக் செய்யக் கற்றுக்கொண்டார். கற்றதோடு நிற்காமல், புள்ளி எப்படி உருவாகிறது, லென்ஸ் துவாரம் எந்த வடிவத்தில் இருக்கணும் என்றெல்லாம் சொந்தமாக ஆராய்ந்து, அச்சுத் தொழிலில் உலகமே புரட்டிப் பார்த்த பென்ரோஸ் ஆண்டு மலரில் கட்டுரைகள் எழுதினார். யு. ராய் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனம் இப்படித்தான் வந்தது.

அந்த நோவு என்ன என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் ஒரு சிறுவர் இதழுக்கு வண்ணார் துறையில் குளிக்கிற யானையை வரைந்து கொடுத்தேன், யானைத் தோலின் சுருக்கத்தையெல்லாம் பென்சிலால் மெல்லிசாக நிழலிட்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து போட்டது. அதை ஹாஃப்டோன் எடுத்து, மலிவான நியூஸ்பிரிண்ட் தாளில் ஓட்டிவிட்டார்கள். புள்ளிகளுக்கு நடுவில் மை அடைத்துக்கொண்டு, யானை இருந்த இடத்தில் ஒரு கரித்துணிதான் இருந்தது. தப்பு என்னுடையதும்தான். எந்தத் தாளில் அடிக்கப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டு வரைந்திருக்கணும். பிளாக்கில் இரண்டு வகை உண்டு. சாம்பல் நிறம், நிழல் எல்லாம் வேண்டுமென்றால் ஹாஃப்டோன். நெருக்கமாகக் கோடு கிழித்த கண்ணாடித் திரை வழியாகப் படமெடுத்து நிழலைப் பெரிதும் சிறிதுமான புள்ளிகளாக உடைப்பது, அதற்கு வழவழப்பான தாள் வேண்டும். கறுப்பு மையில் வெறும் கோடாகப் போட்ட படம் என்றால் லைன் பிளாக். துத்தநாகத் தகட்டில் கோடு மட்டும் நிற்க, மீதியை ஆசிட் தின்றுவிடும். கோட்டின் பக்கவாட்டையும் தின்றுவிடாமல் இருக்க நடுநடுவே பொடி தூவி, சூடு காட்டி, மறுபடி தொட்டியில் விடுவோம். அப்புறம் ஈய எழுத்தின் உயரத்துக்கு மரக்கட்டையில் ஆணி அடித்து, எழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டரிடம் கொடுத்தால், அவர் பாட்டையும் படத்தையும் ஒரே அச்சுச் சட்டத்தில் பூட்டிவிடுவார். எந்தச் சாதாரணத் தாளிலும் பளிச்சென்று விழும். சுகுமாரின் பாட்டுப் படங்கள் பெரும்பாலும் பேனாக் கோடுதான். நிழல் வேண்டிய இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நிழல் காட்டுவார், மை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமாட்டார். முதன்முதலில் தாதாவின் புத்தகத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது நான் கவனித்தது இதைத்தான். ஆசிட் தொட்டி தெரிந்த கை போட்ட கோடு அது.

தெரியாமல் இருக்குமா? வீட்டிலேயே அச்சகம். 1906-ல் சுகுமார் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல், வேதியியல் இரண்டிலும் ஆனர்ஸ் முடித்தார். 1911-ல் உதவித்தொகை கிடைத்து இங்கிலாந்து போனார். போனது ஓவியம் படிக்க இல்லை. படத்தை அச்சுத் தகடாக்குவதும் கல்லச்சும் சொல்லிக்கொடுக்கிற லண்டன் ஃபோட்டோ எங்கிரேவிங், லித்தோகிராஃபி பள்ளி, பிறகு மான்செஸ்டர் தொழில்நுட்பப் பள்ளி. அப்பாவைப் போலவே அவரும் பென்ரோஸ் மலரில் எழுதினார். ஓவியப் பள்ளிக்கூடத்தின் படியை மிதித்தவர் இல்லை. அவர் மகன் சத்யஜித் ராயே, விளம்பரக் கம்பெனியில் ஓவியராக வேலை பார்த்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர், அப்பாவுக்கு முறையான பயிற்சி கிடையாது என்பதைச் சொல்லியிருக்கிறார். ஆக, "யாரிடம் கற்றார்" என்ற உங்கள் கேள்விக்குப் பதில், வரைவதை வீட்டில் பார்த்துப் பார்த்து, அச்சாக்குவதைப் பள்ளிக்குப் போய்.

இதற்கு முன்னாலேயே இன்னொன்று நடந்துவிட்டது. கல்லூரி முடித்த காலத்தில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு அபத்தக் கழகம் என்கிற மாதிரி ஒன்றை ஆரம்பித்தார், நான்சென்ஸ் கிளப் என்றே பெயர். நாடகம் எழுதுவார், நடிப்பார், கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினார். அதன் பெயர் "சாடே பத்ரிஷ் பாஜா", அதாவது முப்பத்திரண்டரை வறுவல். கல்கத்தாத் தெருவில் முப்பத்திரண்டு வகை வறுவலைக் கலந்து, மேலே அரை மிளகாயை வைத்துக் கூவி விற்பார்களாம், அதிலிருந்து வந்த பெயர். அந்த அரை இருக்கிறதே, அதுதான் சுகுமார். ஊர் திரும்பியபிறகு மண்டே கிளப் என்று ஒன்று, திங்கள்தோறும் கூடுவது. தின்பதற்கு நிறைய இருந்ததால் மண்டா என்ற இனிப்பின் பெயரால் அதை மண்டா கிளப் என்றும் சொல்வார்கள். பின்னாளில் புள்ளியியலில் பெயர் வாங்கிய மகலனோபிஸ், மொழியியல் அறிஞர் சுனீதி குமார் சட்டர்ஜி எல்லாம் அதில் உண்டு. கூட்டத்துக்கு அழைப்பிதழைக்கூடப் பாட்டாகத்தான் எழுதி அனுப்புவார்.

1913-ல் அப்பா "சந்தேஷ்" என்ற சிறுவர் மாத இதழைத் தொடங்கினார். சந்தேஷ் என்றால் சேதி, பால்திரட்டில் செய்கிற இனிப்புக்கும் அதே பெயர். அந்த வருஷமே மகன் இங்கிலாந்திலிருந்து திரும்பினார், டிசம்பரில் சுப்ரபாவோடு கல்யாணம். 1915 டிசம்பரில் அப்பா போய்விட்டார். அச்சகமும் இதழும் இருபத்தெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் விழுந்தன. கர்பார் ரோடு 100-ஆம் எண் கட்டிடம், குடும்பமும் அங்கேதான், மெஷினும் அங்கேதான். அதற்குப் பிறகு எட்டு வருஷம்கூட இல்லை, அவர் பெயர் சொல்கிற எல்லாமே கிட்டத்தட்ட அந்த எட்டு வருஷத்தில் வந்தவை. மாதாமாதம் பக்கத்தை நிரப்பியாகணும். பாட்டு, கதை, நாடகம், புதிர் என்று எழுதினார், விலங்குகளைப் பற்றியும் விஞ்ஞானத்தைப் பற்றியும் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஏராளமாக எழுதினார். பாக்லா தாசு என்ற குறும்புக்காரப் பள்ளிப் பையனின் கதைகள் அதில் வந்தவைதான், புத்தகமானது ரொம்பப் பின்னால். சித்தப்பா மகள் லீலா 1922-ல் தன் முதல் கதையை அந்த இதழில்தான் எழுதினாள், படமும் அவளே போட்டாள். லீலா மஜூம்தார் என்று அவர் பிற்பாடு வங்காளத்தின் பெரிய குழந்தை எழுத்தாளர் ஆனார். உங்கள் பையன் வயசைவிட ஒன்றிரண்டுதான் கூட இருக்கும் அப்போது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். "ஆபோல் தாபோல்" என்ற பாட்டுப் புத்தகம்தான் அவருடைய உச்சம். நம்ம பேச்சில் கன்னாபின்னா என்று சொல்லலாம். அதில் ஒரு பாட்டில் விலங்குகளை ஒட்டவைப்பார். வாத்துக்கு வங்காளத்தில் ஹாஷ், முள்ளம்பன்றிக்கு ஷஜாரு, இரண்டும் சேர்ந்து ஹாஷ்ஜாரு. யானை ஹாத்தி, திமிங்கிலம் திமி, சேர்ந்தால் ஹாத்திமி. பாவம், அதன் பாதி தண்ணிக்குப் போகலாம் என்கிறது, மறுபாதி காட்டுக்குப் போகலாம் என்கிறது. இலக்கணத்தை மதிக்கமாட்டேன் என்று பாட்டின் முதல் வரியிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். ஆனால் சொல்லைப் பாருங்கள். முதல் பெயர் எந்த ஒலியில் முடிகிறதோ அதே ஒலியில் அடுத்த பெயர் தொடங்குகிறது. இஷ்டத்துக்கு ஒட்டவே இல்லை, கண்டிப்பான ஒரு விதி அது. இதை நூலகத்தில் பிள்ளைகளிடம் சொல்லி, தமிழில் கண்டுபிடியுங்கள் என்றேன். பத்து நிமிஷம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் எருமையும் மைனாவும் சேர்ந்து "எருமைனா" வந்தது. உடனே மடை திறந்த மாதிரி "கொக்குதிரை", "குரங்குருவி", "எறும்புறா". காசிமேட்டிலிருந்து வருகிற ஒரு பையன், அவன் அப்பா மீன் பிடிக்கப் போகிறவர், கடைசி பெஞ்சிலிருந்து "கொசுறா" என்றான். கொசுவும் சுறாவும். காய்கறிக்காரம்மா கடைசியில் போடுகிற கொசுறு மாதிரியே காதில் விழுந்ததால் மொத்த நூலகமும் சிரித்தது.

அவன் அதை வரைய உட்கார்ந்தபோதுதான் விஷயமே தொடங்கியது. முதலில் ஒரு சுறாவைப் போட்டு மேலே இரண்டு இறக்கையை ஒட்டினான். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துப் பெண் கேட்டாள், "டேய், கொசுன்னா மூக்கு எங்கடா? இது வாயால கடிக்குமா, மூக்கால குத்துமா?" அவன் ரொம்ப நேரம் யோசித்தான். அப்புறம் அடுத்த தாளில், சுறாவின் மூஞ்சி மெதுவாக மெலிந்து மெலிந்து ஊசியாகிற மாதிரிப் போட்டான், பல்லெல்லாம் அந்த ஊசியின் ஓரத்தில் பொடிப்பொடியாக வரிசை கட்டி. செவுள் இருக்கிற இடத்திலிருந்து கொசுக்கால் ஆறு. இப்போது பயமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. சுகுமாரின் ஹாஷ்ஜாரு இப்படித்தான் இருக்கும். வாத்து எங்கே முடிகிறது, முள் எங்கே தொடங்குகிறது என்று கண் தேடும், தையல் தெரியாது. நிஜ வாத்தையும் நிஜ முள்ளம்பன்றியையும் உற்றுப் பார்த்த ஒருவரால்தான் அது முடியும், விலங்குக் கட்டுரைகளுக்காக அவர் படித்ததெல்லாம் இங்கே வந்து உதவியிருக்கிறது என்று நினைக்கிறேன். இன்னொரு பாட்டில் ஒரு சித்தப்பா ஒரு இயந்திரம் செய்கிறார். தோளில் மாட்டிக்கொண்டால் மூக்குக்கு முன்னால் தின்பண்டம் தொங்கும், அதைப் பிடிக்கிற ஆசையில் ஐந்து மணி நேர வழியை ஒன்றரை மணியில் நடந்துவிடலாம். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு ஆசாரியிடம் கொடுத்தால் அப்படியே செய்துகொடுத்துவிடுவார், அவ்வளவு சுத்தமாக ஒவ்வொரு கம்பியும் எங்கே பூட்டியிருக்கிறது என்று தெரியும்.

"ஹஜபரல" என்ற கதையையும் சொல்லியாகணும். நம்ம யரலவ-வைக் கலைத்துப்போட்டு முன்னால் ஒரு ஹ வைத்த மாதிரி பெயர், வங்காளத்தில் தாறுமாறு என்று அர்த்தம். புழுக்கத்தில் படுத்திருக்கிற பையன் வியர்வை துடைக்கக் கைக்குட்டையை எடுக்கப்போனால் அது பூனையாகி மியாவ் என்கிறது. ஒரு காக்கா சிலேட்டு வைத்துக் கணக்கு போடுகிறது. ஒரு கிழவர் வயசு நாற்பது ஆனதும் திருப்பிவிட்டுவிடுவோம், அப்புறம் முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று இறங்கும் என்கிறார். இங்கிலாந்தில் ஆலிஸ் என்ற சிறுமியின் கனவுக் கதை உண்டல்லவா, அதன் சாயல் இதில் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளே வருகிற வக்கீல், சாட்சி, கணக்குப்பிள்ளை எல்லாம் கல்கத்தாக் கோர்ட் ஆட்கள், பேச்சும் அந்த ஊர்ப் பேச்சு. காப்பி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அதேபோல், அவர் பாட்டெல்லாம் வெள்ளைக்கார ஆட்சியைக் கிண்டல் செய்தவை, ஒவ்வொரு விசித்திரப் பிராணிக்கும் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேணும். கிறுக்குத்தனமான சட்டங்களைப் பற்றிய ஒரு பாட்டு உண்டு, சறுக்கி விழுந்தால் போலீஸ் பிடித்துப்போய் அபராதம் போடும் என்பது மாதிரி. அதில் ஆட்சியின் வாடை அடிக்கிறது என்பதை நானும் ஏற்கிறேன். மற்றதெல்லாம் படிக்கிறவர்கள் போடுகிற அர்த்தம், அவர் கைப்பட எழுதி வைத்த விளக்கம் இல்லை. அவர் முன்னுரையில் எழுதியது வேறு: விசித்திரமானது, விபரீதமானது, நடக்கவே முடியாதது, இவைதான் இந்தப் புத்தகத்தின் சரக்கு, இது கியால் ரசம், அதாவது மனம்போன போக்கின் சுவை, அந்தச் சுவை பிடிக்காதவர்களுக்கு இது இல்லை. நகைச்சுவையைக் கடைசிப் பந்தியில் உட்காரவைக்கிற பழக்கம் நம்மிடம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறது.

1921 மே 2-ல் மகன் சத்யஜித் பிறந்தார். அந்த வருஷமே சுகுமாரைக் காலா அசார் பிடித்துக்கொண்டது. கறுப்புக் காய்ச்சல், மண்ணீரல் வீங்கி, உடம்பு கறுத்து இளைத்துப்போகும். இதற்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது. அந்த நோயின் கிருமியை 1903-ல் இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள், இங்கிலாந்தில் லீஷ்மன், சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிற நம்ம ஜி.எச்., அதாவது அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன். கிருமியின் பெயரிலேயே இரண்டு பேரும் இருக்கிறார்கள், லீஷ்மேனியா டோனவானி. நல்ல மருந்தை உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற மருத்துவர் கண்டுபிடித்ததும் 1920-களின் தொடக்கத்தில், அதே கல்கத்தாவில். அப்படியிருந்தும் ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்கிறார்கள். ஒரு மருந்தைக் கண்டுபிடிப்பது வேறு, அது எல்லா வைத்தியர் கையிலும் வந்து சேர்வது வேறு, நடுவில் வருஷங்கள் ஓடும். இவருக்கு அந்த வருஷங்கள் இல்லை.

இரண்டரை வருஷம் படுக்கைதான், ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை. சத்யஜித்துக்கு அப்பாவைப் பற்றி இருக்கிற நினைவே ஒன்றிரண்டுதான். ஓய்வுக்காகக் கங்கைக் கரையில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது, அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவர் திடீரென்று "கப்பல் போகிறது" என்கிறார், பிள்ளை முற்றத்துக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறது. ராயபுரத்தில் வளர்ந்தவன் நான், ஹார்பர் பக்கம் கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டால் எனக்கு இது ஞாபகத்துக்கு வரும். தாகூர் வந்து படுக்கையருகே உட்கார்ந்து பாடினார். ஆபோல் தாபோல் புத்தகத்தின் அட்டை, எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்பதெல்லாம் படுத்தபடியே அவரே தீர்மானித்தார். கடைசிப் பாட்டில், தூக்கம் கண்ணைக் கவிகிறது, என் பாட்டு முடிந்தது என்று வரும். 1923 செப்டம்பர் 10-ல் போய்விட்டார். புத்தகம் வந்தது செப்டம்பர் 19. ஒன்பது நாள். மை உலர்ந்து, மடித்து, தைத்து, அட்டை ஒட்டுகிற வேலைக்கு ஆகிற நாள்தான் அது. ஒரு பத்து நாள் முன்னால் கொடுத்திருக்கக் கூடாதா என்று அந்தத் தேதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சரி, சோறு போட்டதா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சுகுமாருக்குச் சோறு போட்டது பாட்டும் படமும் இல்லை, வெளியாருக்கும் பிளாக் செய்து கொடுத்த அச்சகம்தான். அவர் போனபிறகு அந்த அச்சகமும் சில வருஷத்தில் கடனில் மூழ்கியது, சத்யஜித்துக்கு ஆறு வயசு ஆவதற்குள் கர்பார் வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டியதாயிற்று. சுப்ரபா அம்மா தன் தம்பி வீட்டில் இருந்துகொண்டு, பெண்களுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் பஸ்ஸில் போய்வந்து மகனை வளர்த்தார். நின்றுபோன சந்தேஷை 1961-ல் அந்த மகன் மறுபடி தொடங்கினார், அதில் எழுதுவதற்காகத்தான் துப்பறிகிற பெலூதா, விஞ்ஞானி பேராசிரியர் ஷொங்கு கதைகளெல்லாம் பிறந்தன, படங்களும் அவரே. ஆக மூன்று தலைமுறையாக எழுத்தும் படமும் ஒரே கையில். மூன்று தலைமுறைக்கும் பக்கத்தில் இன்னொரு தொழில்.

நம்ம பக்கம் என் அனுபவமும் அதுதான். சிறுவர் இதழுக்குப் படம் போட்டுக் கிடைத்த பணத்தில் நான் குடும்பம் நடத்தியதில்லை, கடைச் சம்பளம்தான் நடத்தியது. ஆனால் அந்தக் கடையில் என்னை மற்றவர்களைவிட ஒரு படி மேலே வைத்தது, படம் போடத் தெரிந்ததுதான். இன்றைக்குப் பள்ளிப் புத்தகம், அனிமேஷன், விளையாட்டுச் செயலி, விளம்பரம் என்று கை இருக்கிறவனுக்கு வாசல்கள் அந்தக் காலத்தைவிட அதிகம். வேலை கொடுக்கிறவர்களிடம் ஏமாறாமல் இருக்க ஒன்று மட்டும் இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக்கொடுப்பது எழுத்தில்தான் இருக்கணும், எத்தனை வருஷத்துக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். இன்னொரு நல்ல சேதியும் உண்டு. எழுதியவர் இறந்து அறுபது வருஷம் ஆனால் உரிமை தீர்ந்துவிடும். சுகுமார் போய் நூறு வருஷம் தாண்டிவிட்டது. அவர் பாட்டை உங்கள் பையன் தமிழாக்கலாம், படத்தைப் பார்த்து வரையலாம், அச்சடித்து விற்கலாம், யாரிடமும் கேட்கவேண்டாம்.

தட்டி வைக்காதீர்கள் சகோதரி. கணக்கு நோட்டைப் பிடுங்காதீர்கள், கணக்கையும் விடவிடாதீர்கள். சுகுமார் இயற்பியல் படித்தவர் என்று அவனிடம் சொல்லுங்கள். ஓவிய வகுப்பு உடனே வேணும் என்று இல்லை. ஒரு ஏ3 தாளைப் பாதிபாதியாக மூன்று தடவை மடித்து, விரித்து, நடுமடிப்பில் ஒரு வெட்டுக் கொடுத்தால் எட்டுப் பக்கப் புத்தகம் ஆகும். வெட்டுவதற்கு முன்னாலேயே அந்தத் தாளில் கறுப்பு ஜெல் பேனாவால் அவனே எழுதி, அவனே வரையட்டும், மாதம் ஒன்று, தேதி தவறாமல். பத்துக் காப்பி ஜெராக்ஸ் எடுத்து, வெட்டி மடித்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். அவர்கள் எந்தப் பக்கத்தில் சிரிக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போது ஒரு காப்பி மட்டும் பாதியாகச் சுருக்கி எடுக்கச் சொல்லுங்கள். பழைய கேமரா அறையில் நாங்கள் செய்ததும் அதுதான், பெரிதாகப் போட்டுச் சிறிதாக்குவது. மெல்லிசாக இழுத்த கோடெல்லாம் காணாமல் போயிருக்கும், நெருக்கமாகப் போட்டதெல்லாம் அடைத்துக் கறுப்புத் திட்டாகியிருக்கும். அதை அவன் கையில் கொடுத்து, எது தப்பிப் பிழைத்திருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த மாதப் புத்தகத்தில் அவன் பேனாவை எப்படிப் பிடிக்கிறான் என்று எனக்கு எழுதுங்கள். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ராயபுரம் பக்கம் வர முடிந்தால் அவனையே கூட்டிக்கொண்டு வாருங்கள், கொசுறா போட்ட பையனும் இருப்பான்.